முதுமையும் ஆண்மையும்

மானிடப் பிறவியிலே பாலப் பருவமும் இளமையும் முதுமையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வது இறைவன் வகுத்த நியதியாகும். பெண்களுக்கு நடுவயதில் ஏற்படும் மாற்றங்களைப் பற்றி இன்று ஓரளவாவது பேசுகின்றோம். ஆனால் ஆண்களின் உடலிலும் வயதோடு ஒரு மாற்றம் நிகழ்கின்றது என்பதைப் பலரும் வாய்திறந்து பேசுவதில்லை. ஆலய மலரிலே பேசத்தக்க விடயமா இது என்று சிலர் எண்ணக்கூடும். உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகக் கண்டு போற்றியவர் திருமூல நாயனார். ஆகவே அந்த ஆலயத்தின் நிலையை இங்கு சிந்திப்பது பொருத்தமானதே.

ஆணின் உடலில் விதைகளிலே சுரக்கும் ஓமோன் டெஸ்டோஸ்டிரோன் எனப்படும். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி இடும் கட்டளைப்படியே அது சுரக்கின்றது. மீசை, தாடி, கனத்த குரல், தசையின் வலிமை, எலும்பின் உறுதி, பாலுணர்வு ஆகியவற்றுக்கு அதுவே ஆதாரம். முப்பது, நாற்பது வயதுக்குப் பின்னர் அதன் அளவு ஆண்டுக்கு ஏறக்குறைய 1 வீதம் குறைந்து செல்கின்றது. பெண்களுக்கு நிகழ்வது மதகை மூடியது போன்றது என்றால், ஆண்களுக்கு நிகழ்வது கோடையிலே குளத்து நீர் மெல்ல மெல்ல வற்றுவது போன்றது. எல்லோருக்கும் ஒரே அளவில் அது குறைவதுமில்லை.

களைப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு, தாம்பத்தியத்தில் இயலாமை ஆகியவற்றையெல்லாம் வயதின் மேலேயே போட்டுவிடுவதும் தவறு. நீரிழிவு, மிகுந்த உடற்பருமன், இடைவிடாத மதுப்பழக்கம், கபச்சுரப்பியின் நோய், சில மருந்துகள் என்பனவும் இக்குறைபாட்டை உண்டாக்கும். காலையில் எடுக்கும் குருதியைப் பரிசோதித்து, ஒரு முறைக்கு இரு முறை உறுதி செய்த பின்னரே வைத்தியர் இதனைத் தீர்மானிப்பார். நோய் என்று கண்டால் சிகிச்சை பெறுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. கண்ணில் புரை வந்தால் வைத்தியசாலைக்குச் செல்லும் நாம், இதற்கு மட்டும் ஒளிந்துகொள்வது ஏன்?

ஒளிந்துகொள்வதால் விளையும் கேடு சிறியதன்று. தன் உடல் தளர்வதைக் கண்டு அஞ்சிய மனிதன் அதனை எவரிடமும் சொல்லாமல் மனைவியின் மேல் சினம் கொள்கின்றான். காரணமின்றிச் சந்தேகமும் கொள்கின்றான். கசிப்பை நாடுகின்றான். அதுவோ உள்ள வலுவையும் குறைத்துவிடுகின்றது. இன்னும் சிலர் விளம்பரங்களை நம்பி, பெயர் தெரியாத தூளையும் லேகியத்தையும் இரகசியமாக வாங்கி உண்கின்றனர். இவ்வாறு விற்கப்படுபவை சிலவற்றில் ஆங்கில மருந்துகள் களவாகக் கலக்கப்படுவதுண்டு. நெஞ்சு நோவுக்காக நாவின் கீழ் வைக்கும் மாத்திரையைப் பாவிப்பவர் அவற்றை உண்டால் குருதியழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இளமையை மீட்கும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1889 ஆம் ஆண்டில் பிரவுண் செக்கார் என்னும் புகழ்பெற்ற உடற்றொழிலியல் அறிஞர், தமது 72 ஆவது வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்குத் தாமே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டு, இளமை திரும்பியது என்று பாரிஸ் நகரில் அறிவித்தார். அச்சாற்றில் பயன் தரக்கூடிய அளவு ஓமோன் இருந்திருக்க முடியாது என்பதும், அவர் உணர்ந்தது அவரது நம்பிக்கையின் விளைவே என்பதும் பின்னர் தெளிவாயிற்று. உண்மையான ஓமோன் 1935 இல் பிரித்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டில் செயற்கையாகவும் ஆக்கப்பட்டது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த, இந்த ஓமோன் குறைந்த 790 ஆண்களுக்கு ஓராண்டு அதனைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2016 இல் வெளிவந்தது. பாலுணர்வு ஓரளவு கூடியது. ஆனால் களைப்பு நீங்கிப் புத்துணர்வு பெறுவதில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. இருதய நோயுள்ள, அல்லது அதற்கு வாய்ப்புள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2023 இல் வெளியானது. மாரடைப்பு கூடவில்லை எனினும், ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் நுரையீரலில் குருதி கட்டுதலும் சற்றுக் கூடியிருந்தன. ஆகவே இது தேவையானவருக்கு மருந்து; முதுமையைத் துரத்தும் அமிர்தம் அன்று.

இங்குதான் அறம் பற்றிய வினா எழுகின்றது. நோய்க்கு மருந்து தேடுவது கடமை. வயதுக்கே மருந்து தேடுவது எது? பாண்டிருப்பு, பழுகாமம் முதலான ஊர்களிலே திரௌபதை அம்மன் சடங்கோடு போற்றப்படும் மகாபாரதம் இதற்கு விடை தருகின்றது. சுக்கிராசாரியாரின் சாபத்தால் முதுமையடைந்த யயாதி மன்னன், தன் புதல்வரிடம் இளமையை யாசித்தான். நால்வர் மறுத்தனர், இளையவனான பூரு கொடுத்தான். ஆயிரம் ஆண்டுகள் இன்பம் துய்த்தும் யயாதிக்கு ஆசை அடங்கவில்லை. நெய் வார்த்த நெருப்பாக அது வளரவே கண்டு, இளமையை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வனம் சென்றான். ஒருவர் தமக்குரிய காலத்தைக் கடந்து இளமையைப் பற்றிப் பிடித்தால், அதன் விலையை வீட்டிலுள்ள இன்னொருவரே செலுத்த நேரிடும் என்பதே அக்கதை உணர்த்தும் நீதி. பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணம் தூளுக்கும் லேகியத்துக்கும் போவதும் அத்தகையதே.

எம் மொழியிலே ஆண்மை என்ற சொல்லுக்கு உடல் வலு மட்டும் பொருளன்று. ஆளும் தன்மையே ஆண்மை. அதனால்தான் முயற்சியைத் தாளாண்மை என்கின்றோம். மட்டக்களப்பார் வயலிலே விளையும் பயிரையே வேளாண்மை என்கின்றோம். பிறர் மனைவியை விரும்பாத மனவுறுதியைத் திருவள்ளுவர் பேராண்மையாக மதித்தார். விஞ்ஞானமும் இதற்கு அணி செய்கின்றது. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 624 இளைஞரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, தந்தையானவர்களிடம் இந்த ஓமோன் ஏனையோரை விட அதிகமாகக் குறைந்தது. குழந்தையைத் தம் கையால் பராமரித்தவர்களிடம் மேலும் குறைவாக இருந்தது. குறைவு எல்லாம் இழப்பல்ல. பிள்ளையைத் தூக்கும் கைக்கு உடல் தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்வதும் அதில் அடங்கும்.

கொடுத்துவிட்டு விலகி நிற்கும் பண்பு எமது பிரதேசத்துக்குப் புதிதன்று. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தந்தையொருவர் பாடுபட்டுக் கட்டிய வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அருகிலோ சிறு வீட்டில் மனைவியுடன் வாழச் செல்வது பரம்பரை வழக்கம். அதனால் அவர் மதிப்புக் குறைவதில்லை, கூடுகின்றது. வீட்டையே மனமுவந்து கொடுக்கத் தெரிந்தவருக்கு, வயது கேட்கும் சிறு வலுவைக் கொடுப்பது பாரமாகுமா?

பெரியபுராணத்திலே திருநீலகண்ட நாயனார், மனைவியிட்ட ஆணைக்குக் கட்டுப்பட்டு, ஒரே வீட்டிலிருந்தும் எந்தப் பெண்ணையும் தீண்டாமல் முதுமை எய்தினார். இளமை கழிகின்றதே என்று அவர் ஏங்கவுமில்லை. அதனைத் திருப்பித் தா என்று இறைவனிடம் கேட்கவுமில்லை. கேளாதவருக்கே, தடியின் இரு முனைகளையும் இருவரும் பிடித்துக் குளத்தில் மூழ்கி எழுந்தபோது, சிவபெருமான் இளமையை அருளினார். கேட்டுப் பெற்ற யயாதிக்கு அது நிறைவு தரவில்லை. கேளாத குயவருக்கு அது அருளாக வந்தது.

ஆகவே அன்பர்களே, உடலில் மாற்றம் கண்டால் முதலில் மனைவியிடம் மனம்விட்டுப் பேசுவோம். அடுத்து வைத்தியரிடம் செல்வோம். நோயெனில் தீர்த்துக்கொள்வோம்; வயதெனில் தலைவணங்கி ஏற்போம். மதுவை விலக்கி, அளவோடு உண்டு, வயலிலும் வீதியிலும் நடந்து, நன்றாக உறங்கி, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து ஆலயத்துக்கு வரும் முதியவரே நிறைந்த ஆண்மையுடையவர். அத்தகைய முதுமையை எல்லோருக்கும் எம்பெருமான் அருள்வாராக.