படித்தரம் இல்லாத கடவுள்

அபுதாபியின் சாதியாத் தீவில் 2017 நவம்பரில் லூவர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ழான் நூவெல் வடிவமைத்த அந்தக் கட்டடத்தின் கூரை 180 மீட்டர் அகலம். எட்டு அடுக்கு உலோகப் பின்னலின் இடுக்குகள் வழியே பாலைவன வெயில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அங்குள்ள சேகரிப்பில் பத்தாம் நூற்றாண்டுச் சோழ நாட்டுச் செப்புத் திருமேனி ஒன்றும் உண்டு: ஆடும் சிவன். அமீரகத்தில் வாழும் வெளிநாட்டவரில் இந்தியர்களே அதிகம் என்பதால், அதன் முன் வந்து நிற்பவர்களில் இதே போன்ற உற்சவரைத் தன் ஊர்த் தெருவில் தோளில் சுமந்தவரும் இருக்கக்கூடும். அவர் கைகூப்பலாமா என்பது ஒழுங்குமுறைக் கேள்வி, எளிதில் தீர்ந்துவிடும். தீராதது அதற்கு முந்தைய கேள்வி. அங்கே நிற்பது கடவுளா, கடவுளைப் போல் செய்த செம்பா?

சட்டென்று வாயில் வரும் விடைகள் இரண்டு. பிராணப் பிரதிஷ்டை இல்லாத இடத்தில் இருப்பது வெறும் உலோகம் என்பது ஒன்று. ஆனால் ஆகம வழக்கம் அவ்வளவு எளிதாக விடுவதில்லை. கோயிலில் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்வார்கள். மூர்த்தியிலிருந்து சக்தியைக் கும்பத்துக்கோ அத்திப் பலகைக்கோ மாற்றி, வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றுவார்கள். கடவுளை ஓர் உருவிலிருந்து விடைபெறச் செய்வதற்கே ஒரு சடங்கு தேவைப்படுகிறது என்றால், சடங்கே இல்லாமல் மண்ணுக்குள் போய், பின் சந்தைக்கும் கடல் கடந்தும் போன திருமேனியை என்னவென்று சொல்வது? படையெடுப்புக் காலங்களில் உற்சவர்களை மண்ணில் புதைத்துக் காத்தவர்கள், கடவுள் போய்விட்டார் என்று நினைத்துப் புதைக்கவில்லை, திரும்ப எடுக்கவே புதைத்தார்கள். இன்னொரு விடை, எல்லாம் பார்ப்பவன் உள்ளத்தில் இருக்கிறது என்பது. இதற்குத் தமிழில் வலுவான பின்புலம் உண்டு. நட்ட கல்லைச் சுற்றுவதைச் சிவவாக்கியர் கேலி செய்தார். சாக்கிய நாயனார் பௌத்தத் துறவி வேடத்தில் லிங்கத்தின் மேல் கல்லெறிந்தே பூசித்தார். பூசலார் திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி முடித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கோயிலின் குடமுழுக்கே அவருக்காகத் தள்ளிப்போனது என்கிறது பெரியபுராணம்.

பூசலார் கதையை உள்ளமே போதும் என்பதற்குச் சான்றாகப் பலரும் எடுப்பதுண்டு. எனக்கு அது எதிர்த்திசையில் போவதாகத் தோன்றுகிறது. அவர் சிவம் எங்கும் உள்ளது என்று எண்ணிச் சும்மா இருந்துவிடவில்லை. மனத்துக்குள் பொருள் சேர்த்தார், தச்சர்களைத் தேடினார், நாள் குறித்தார், அடித்தளம் முதல் மதில் வரை ஒன்றுவிடாமல் எழுப்பினார். மனக்கோயிலுக்கும் ஓர் ஊர், ஒரு நாள், செய்து முடிக்க வேண்டிய கடமைகளின் வரிசை இருந்தன. கல்லும் செம்பும் கைவிடத்தக்கவையாக இருக்கலாம். கடமையை அவர் கைவிடவில்லை. புனிதம் பொருளில் ஒட்டியிருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா என்று இரண்டில் ஒன்றைத் தேர்வதே பிழையான வழி. கடவுள் என்று நாம் ஓர் உருவைச் சொல்லும்போது, அதற்கு நாம் ஏதோ செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றுதான் சொல்கிறோம்: நீராட்ட, உணவு படைக்க, விளக்கேற்ற, திருநாளில் வெளியே அழைத்துப்போக. கோயில் நிர்வாகத்தில் இதன் பெயர் படித்தரம்.

இது என் கற்பனை அல்ல. 1010-இல் நிறைவேறிய தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். ராஜராஜனும் அக்கன் குந்தவையும் அரசியரும் அதிகாரிகளும் கொடுத்த செப்புத் திருமேனிகள் அங்கே ஒவ்வொன்றாகப் பதிவாகியுள்ளன. பாதம் முதல் கேசம் வரை எத்தனை முழம், எத்தனை விரல், கை எத்தனை, பீடம் எவ்வளவு, பூட்டிய நகையின் எடை என்ன என்று கணக்குப்பிள்ளையின் கண்ணோடு எழுதியிருக்கிறார்கள். அழகைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எந்த ஊர் நிலத்து நெல் வரும், எத்தனை விளக்கு எரியும் என்பதற்குத்தான் வரி வரியாக இடம். பொன்னை நிறுத்த கல்லுக்கும் நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று ஆடும் சிவனின் பெயரையே வைத்திருந்தார்கள். தன் பெயருள்ள மரக்காலால் தனக்கு நெல் அளக்கப்பட்டது அந்தக் கடவுளுக்கு. இன்றைய அருங்காட்சியகப் பலகையோ பொதுவாக நூற்றாண்டையும் வட்டாரத்தையும் உலோகத்தையும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். இரண்டுமே விவரக் குறிப்புகள்தான். ஒன்றில் இருப்பவர் வரவேண்டியது உள்ளவர். மற்றதில் இருப்பவருக்குச் சரியான வெப்பநிலையைத் தவிர யாரும் எதுவும் தரவேண்டியதில்லை.

அருங்காட்சியகம் இதை வேண்டுமென்று செய்யும் தீங்காக நான் பார்க்கவில்லை. பாரிஸ் லூவர் 1793-இல் பிறந்ததே புரட்சி அரசு மன்னர் சேகரிப்பையும் தேவாலயங்களிலிருந்து எடுத்த பலிபீட ஓவியங்களையும் குடிமக்களின் கண்ணுக்குத் திறந்துவிட்டபோதுதான். மேரியின் படம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அதன் முன் இனி நம் முழங்கால் மடங்காது என்ற கருத்தைத் தத்துவவாதி ஹெகல் பின்னர் சொன்னது அந்தச் சூழலில். அபுதாபி அந்த மரபின் பெயரைக் கடன் வாங்கியது. 2007-இல் பிரான்சோடு செய்த ஒப்பந்தம் அது. பெயரோடு இந்தப் பார்வையும் வந்தது. சமநிலையும் வந்தது என்பதை மறுக்க முடியாது. அங்கே குர்ஆனும் விவிலியமும் யேமன் நாட்டுத் தோராவும் ஒரே அறையில் அருகருகே இருக்கின்றன. குர்ஆன் ஓதப்பட வேண்டிய நூல். தோரா ஜெப ஆலயத்தில் படிக்கப்படவும், பழுதானால் முறைப்படி அடக்கம் செய்யப்படவும் வேண்டிய நூல். கண்ணாடிக்குள் இரண்டும் எழுத்தழகாகின்றன. சிவனுக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேர்ந்திருக்கிறது, பாரபட்சம் இல்லை. நடராசருக்குக் கூடுதலாக ஒன்று: கோயிலில் பட்டும் மாலையும் சார்த்தி முகமும் கையும் தூக்கிய திருவடியும் மட்டுமே தெரிய நிற்பவர் அவர். அருங்காட்சியகம் வியக்கும் அந்த முழு உடலை, ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும் அபிஷேகங்களில்தான் பக்தர் காண்பார்.

இதற்கு வரும் கடுமையான மறுப்பு தமிழ்நாட்டிலிருந்தே வரும். கடமை பற்றிப் பேசும் நாம் கடமையைச் செய்தோமா? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் பூசையின்றிப் பூட்டிக் கிடந்தது. அதனால்தான் அதன் நடராசர் களவுபோனதும் உடனே தெரியவில்லை. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் உண்மையைக் காட்டிக்கொடுத்தன. 2014 செப்டம்பரில் அந்த நாட்டுப் பிரதமரே தில்லிக்கு வந்து திருப்பித் தந்தார். இப்படி மீண்டு வரும் திருமேனிகளில் பலவும், ஊர்க்கோயில்களில் பாதுகாப்பில்லை என்று திரட்டப்பட்ட ஆயிரக்கணக்கானவையும், உலோகத் திருமேனி பாதுகாப்பு மையங்களில் கம்பிக் கதவுகளுக்குப் பின்னால் நிற்கின்றன. கான்பெராவில் பள்ளிப் பிள்ளைகளாவது பார்த்தார்களே என்று கேட்டால் முகம் சிவக்கத்தான் செய்யும். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை. திருவாரூரில் உள்ள அத்தகைய மையத்தின் இருட்டைக் கண்டு நாம் வெட்கப்படுகிறோம். செய்யவேண்டியது நின்றுபோனது என்று தெரிந்திருப்பதால்தான் அந்த வெட்கம். குளிரூட்டிய அறையில் யாருக்கும் அந்த வெட்கம் வராது. அங்கே எதுவும் நின்றுபோனதாகவே தோன்றாது. பத்தூர் நடராசர் யாருக்கு உரியவர் என்ற வழக்கில் லண்டன் நீதிமன்றங்கள் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பாழடைந்த ஒரு கோயிலையே வழக்காடும் தகுதியுள்ளதாக ஏற்று, 1991-இல் அதற்கே திருமேனி உரியது என்று உறுதி செய்தன. கூரை இடிந்த பிறகும் அந்தக் கோயிலின் உரிமை மடியவில்லை.

இஸ்லாமிய நாட்டில் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பது அடுத்த மறுப்பு. உருவ வழிபாட்டை ஏற்காத சமயத்தார், வழிபாடல்ல, மனிதகுல மரபு என்று சொல்லித்தான் இதைக் காட்சிக்கு வைக்க முடிகிறது. 2001-இல் பாமியானில் புத்தர் சிலைகளுக்கு நடந்ததை நினைத்தால் அந்த விளக்கத்தின் மதிப்பு புரியும். ஒப்புக்கொள்கிறேன். அருங்காட்சியகத்துக்குள் ஆரத்தி காட்டச் சொல்வது அசட்டுத்தனம், விருந்தோம்புபவரை அவமதிப்பதும்கூட. ஆனால் வழிபாட்டிடம் வேறு, காட்சியிடம் வேறு என்பதை அபுதாபி நன்றாகவே அறிந்திருக்கிறது. அதே சாதியாத் தீவில் 2023-இல் திறந்த ஆபிரகாமியக் குடும்ப இல்லத்தில் மசூதியும் தேவாலயமும் ஜெப ஆலயமும் உண்மையான தொழுகைக்கே கட்டப்பட்டன. 2024 பிப்ரவரி 14-இல் அபு முரைக்காவில் திறந்த சுவாமிநாராயண் கோயிலில் மூர்த்திகளுக்கு முறைப்படி பிரதிஷ்டை ஆகி, நாள்தோறும் நைவேத்தியம் நடக்கிறது. ஒரே அமீரகத்தில் படித்தரமுள்ள கடவுளும் இல்லாத கடவுளும் இருக்கிறார்கள். இரண்டாமவரின் நிலை என்னவென்று பார்வையாளருக்குச் சொல்லிவிடுவதுதான் மிச்சம்.

அந்தச் சிவன் களவுப் பொருள் என்று நான் சொல்லவில்லை. என் வாதத்துக்கு அது தேவையுமில்லை. நேர்வழியில் வாங்கியதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் பொதுவான சிவனாகச் செய்யப்பட்டவர் அல்லர். ஏதோ ஓர் ஊரின் உடையாராக, ஏதோ ஒரு நிலத்தின் நெல்லை உண்பவராக, ஒரு குறிப்பிட்ட வீதி வரை உலாப் போகிறவராக வார்க்கப்பட்டவர். உலகப் பொதுமை என்ற பெயரில் கழன்றுபோனது அந்த ஊர்தான். தெரிந்தால் ஊரின் பெயரும், தெரியாவிட்டால் தெரியவில்லை என்ற ஒரு வரியும், இந்த உருவுக்கு அன்றாடம் என்னென்ன செய்யப்பட்டு வந்தன, அவை இங்கே செய்யப்படுவதில்லை என்ற குறிப்பும் பலகையில் அரபு, ஆங்கிலம், பிரெஞ்சு ஆகியவற்றோடு தமிழிலும் இருக்கலாம். லூவருக்கு இதில் ஒரு திர்ஹம் நட்டமில்லை. பலகையின் அளவைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும், அவ்வளவே.