பாளயத்துக்குப் புறம்பே



லேவியராகமம் 13, 14 அதிகாரங்களை நாம் ஆராதனையில் அதிகம் வாசிப்பதில்லை. தோலில் தடிப்பு, வெள்ளைப்படர், மயிரின் நிறம், ஏழு நாள் அடைத்து வைத்தல் என்று போகிற அந்தப் பகுதியைக் குடும்ப ஜெபத்திலும் பலர் தாண்டிவிடுவார்கள். கொள்ளைநோய்க் காலத்துத் திருச்சபையைப் பற்றி இன்று பேச நினைத்தபோது என் மனம் போய் நின்ற இடம் அதுதான். நோயுள்ளவன் பாளயத்துக்குப் புறம்பே தனித்திருக்க வேண்டும் என்பது அங்கே கட்டளை. அதே சட்டத்தில், 14-ம் அதிகாரம் 3-ம் வசனத்தில், அவனைப் பார்க்க ஆசாரியன் பாளயத்தை விட்டு வெளியே போக வேண்டும் என்றும் இருக்கிறது. ஊர் விலகி நிற்கிறது, ஆசாரியன் புறப்பட்டுப் போகிறான். இரண்டையும் கட்டளையிட்டவர் ஒரே தேவன்.

நம் ஆண்டவரும் அப்படித்தான் செய்தார். மாற்கு முதல் அதிகாரத்தில் குஷ்டரோகியைத் தொட்டார். தொட்டுக் குணமாக்கியபின், மோசேயின் சட்டப்படி ஆசாரியனிடம் போய்க் காண்பி என்று அனுப்பினார். நியாயப்பிரமாணத்தின் எச்சரிக்கையை அவர் அலட்சியம் செய்யவில்லை. அந்த எச்சரிக்கையைக் காரணம் காட்டிக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவும் இல்லை.

எல்லாரும் ஓடிப்போய்க் கூடினால் நோயைப் பரப்புகிறோம். எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டால் சாகிறவனைத் தனியே விட்டுவிடுகிறோம். ஊர் முழுவதும் அன்பினாலே விலகி நிற்கட்டும், ஊருக்காக ஒருவராவது போகட்டும். திருச்சபை இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்த நாட்களும் உண்டு, ஒன்றைக் கைநழுவ விட்ட நாட்களும் உண்டு. நம் தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவானபோது அதில் வந்து சேர்ந்த மரபுகளில் ஆங்கிலிக்கன் மரபும் ஒன்று. ஆகவே அவர்களுடைய வரலாறு நமக்கும் குடும்ப வரலாறுதான். அதிலிருந்தே பேசுகிறேன்.

1662-ம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தில் நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்கும் முறைமை ஒன்று உண்டு. படுக்கையில் இருப்பவர் குருவானவருக்கு முன்னதாகச் சொல்லி அனுப்ப வேண்டும். தன்னோடு சேர்ந்து பந்தியில் பங்குபெற மூன்று பேர், குறைந்தது இரண்டு பேர், இருக்கிறார்கள் என்றும் தெரிவிக்க வேண்டும். குரு தனியாகப் பூசை செய்துகொள்கிற பழைய வழக்கத்தைச் சீர்திருத்தத் தலைவர்கள் ஒதுக்கியிருந்தார்கள். பந்தி என்றால் சபையாகக் கூடி உண்ண வேண்டும் என்பதில் அவர்கள் மிகவும் கண்டிப்பானவர்கள்.

ஆனால் அந்தப் பகுதியின் கடைசியில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பிளேக், வியர்வை நோய் போன்ற தொற்றுகள் பரவியிருக்கும்போது, பயத்தினால் அக்கம்பக்கத்தார் ஒருவரும் அந்த வீட்டுக்குள் வர மாட்டார்கள். அப்போது நோயாளி விசேஷமாகக் கேட்டுக்கொண்டால், குருவானவர் ஒருவர் மட்டுமே அவரோடு பங்குபெறலாம். வியர்வை நோய் இங்கிலாந்தில் கடைசியாகப் பரவியது 1551-ல். 111 ஆண்டுகள் கழிந்தும் அதன் பெயரைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. பட்ட அடியை அவர்கள் மறக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த விதியை எத்தனை முறை வாசித்தாலும் என் மனம் இளகுகிறது. வராத அயலாரை அது ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அவர்களுக்குப் பயம் என்று ஒத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டே. வளைந்து கொடுத்தது சபையின் சட்டம். குருவானவருக்கு அது வழியைத் திறந்து வைத்தது. நோயாளி கேட்டால் அவர் தனியாகவே போகலாம், போய்க் கூடவே உட்கார்ந்து உண்ணலாம்.

எழுதியதெல்லாம் நடந்ததா? 1665-ல் லண்டனைப் பிளேக் வாட்டியபோது ஆங்கிலிக்கன் குருமார் பலர் ஊரைவிட்டு ஓடிப்போனார்கள். இதை மறைக்கக் கூடாது. காலியாகக் கிடந்த பிரசங்க பீடங்களில் ஏறி நின்றவர்கள், மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே திருச்சபை வெளியே தள்ளிய போதகர்கள். தாமஸ் வின்சென்ட் அவர்களில் ஒருவர். சபை விரட்டியவர்களே சபையின் வேலையைச் செய்தார்கள். ஓடாமல் தங்கள் மக்களோடு இருந்து மாண்ட ஆங்கிலிக்கன் குருமாரும் உண்டு, அவர்களையும் நன்றியோடு நினைக்கிறோம்.

அதே ஆண்டு செப்டம்பரில் நோய் வடக்கே டெர்பிஷயரின் மலைப்பகுதியில் ஈம் என்ற சிற்றூருக்கு வந்தது. லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிப்பொதி ஈரமாக இருந்தது, அதை நெருப்பருகே உலர்த்தியபோது அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகள் வழியாக நோய் புகுந்தது என்று அந்த ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த வீட்டிலிருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் செப்டம்பர் 7 அன்று அடக்கம் செய்யப்பட்டார். அதிலிருந்து 1666 நவம்பர் வரை ஏறத்தாழ 260 பேர் மாண்டார்கள்.

ஈம் ஊரின் குருவானவர் வில்லியம் மொம்பெசன். முப்பது வயதைத் தொடாதவர், ஊருக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. மக்களின் மனம் முழுவதும் அவர் பக்கம் இல்லை. அவர்கள் நேசித்தது முந்தைய போதகர் தாமஸ் ஸ்டான்லியை. புதிய ஜெபப் புத்தகத்தைக் கட்டாயமாக்கிய 1662-ன் சட்டத்துக்குக் கீழ்ப்படிய மறுத்ததால் பதவி இழந்த தூய்மைவாதி அவர். சற்றுமுன் நான் நெகிழ்ந்து பேசிய அந்தப் புத்தகம்தான் இந்த இருவருக்கும் நடுவே சுவராக நின்றது. 1666 ஜூனில் நோய் மீண்டும் சீறியபோது இளையவர் மூத்தவரைத் தேடிப் போனார். இருவரும் மக்கள்முன் சேர்ந்து நின்று கேட்டுக்கொண்டார்கள்: நாம் ஊரைவிட்டு வெளியே போக வேண்டாம், நோய் நம்மோடு நிற்கட்டும், பக்கத்து ஊர்கள் பிழைக்கட்டும். மக்கள் சம்மதித்தார்கள். ஸ்டான்லி பக்கத்தில் நின்றிராவிட்டால் சம்மதித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆலயத்தைப் பூட்டினார்கள். கக்லெட் டெல்ஃப் என்ற புல்வெளிப் பள்ளத்தில், குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு நின்று ஆராதித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் இல்லை, அவரவர் இறந்தவர்களை அவரவர் நிலத்திலேயே புதைத்தார்கள். ஊர் எல்லைக் கல்லில் குழி செதுக்கி, வினிகர் ஊற்றி, அதில் காசு போட்டுவைத்தார்கள். வெளியூரார் உணவை அங்கே வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போனார்கள். டெவன்ஷயர் பிரபு சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து பொருள்கள் அனுப்பி உதவினார்.

ஆகஸ்டு மாதத்தில் எலிசபெத் ஹான்காக் என்ற தாய், எட்டு நாட்களுக்குள் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். அவள் பிழைத்திருந்தாள். சபையாரே, இந்த இடத்தில் பிரசங்கி விளக்கம் சொல்லப் போகக் கூடாது. அந்தத் தாயின் முன்னால் வாயைத் திறக்க எனக்கு உரிமை இல்லை.

மொம்பெசனின் மனைவி கேத்தரின் தன் இரு பிள்ளைகளை முன்னமே வெளியே அனுப்பிவிட்டார். தான் மட்டும் கணவரை விட்டுப் போக மறுத்தார். வீடு வீடாக நோயாளிகளைப் பார்த்துவந்த அவரும் ஆகஸ்டு 25 அன்று இறந்தார், வயது 27.

ஈம் மக்களின் தியாகத்தைப் பலர் மகிமையாகப் பேசுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. குருவானவரின் பிள்ளைகள் வெளியே போய்ப் பிழைத்தார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள்? எல்லையை அடைத்ததால் உள்ளே சாவு கூடியிருக்கலாம் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகள் சம்மதம் கொடுத்தவர்களும் அல்லர். இந்தக் கேள்விக்கு திருப்தியான பதில் என்னிடம் இல்லை. தெள்ளுப்பூச்சியைப் பற்றி ஒன்றும் அறியாத காலத்தில், அயலான் சாகக் கூடாது என்று ஓர் ஊர் எடுத்த முடிவு அது. அந்த முடிவை எடுக்கச் சொன்னவர் வெளியிலிருந்து கட்டளை அனுப்பவில்லை, அவர்களோடே இருந்தார், தன் மனைவியை அதே மண்ணில் புதைத்தார். இவ்வளவு மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்: தானும் உள்ளே இருக்கிற மேய்ப்பனுக்குத்தான் ஆடுகளிடம் அப்படிக் கேட்க வாய் உண்டு.

இனி நாம் கண்ணால் கண்ட காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் 17 அன்று கேன்டர்பரி, யார்க் பேராயர்கள் இங்கிலாந்துத் திருச்சபையில் பொது ஆராதனையை நிறுத்திவைத்தார்கள். அது சரியான முடிவு. மூடிய மண்டபத்தில் சேர்ந்து பாடுவது ஆபத்து, சபையில் முதியோர் அதிகம். 24-ம் தேதி இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குருவானவர் தனியாக உள்ளே சென்று ஜெபிக்கவும் கூடாது என்று ஆலயங்கள் முழுவதுமாக மூடப்பட்டன. அடக்க ஆராதனையை ஆலயத்தில் நடத்த முடியவில்லை, தகன நிலையத்திலோ கல்லறையருகிலோ சிலர் மட்டும் நின்றார்கள். குருமார் பலருக்கு அந்தப் பூட்டு தாங்க முடியாததாக இருந்தது. எதிர்ப்பும் எழுந்தது. மே மாதத் தொடக்கத்தில், குருவானவர் ஆலயத்துக்குள் போய் அங்கிருந்து ஆராதனையை ஒளிபரப்பலாம் என்று பேராயர்கள் இசைந்தார்கள். மார்ச்சிலேயே அந்த அனுமதியை வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஒருவர் தனியாக நின்று ஊருக்காக வேண்டிக்கொள்வதில் யாருக்கும் நோய் பரவாது. ஊர் மக்களுக்கோ, நமக்காக ஒருவர் உள்ளே நிற்கிறார் என்பது பெரிய ஆறுதல்.

ஏப்ரல் 12 ஈஸ்டர் அன்று அப்போது கேன்டர்பரி பேராயராயிருந்த ஜஸ்டின் வெல்பி லாம்பெத் அரண்மனையிலுள்ள தம் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து ஆராதனை நடத்தினார். அதைக் குறை சொன்னவர்களும் உண்டு. அந்த மாதங்களில் அவர் இன்னொன்றும் செய்தார். அருகிலிருக்கும் புனித தாமஸ் மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளிடையே தன்னார்வக் குருவாகப் பணியாற்றினார். அதற்குக் கேமரா இல்லை. சமையலறையில் அவர் விலகி நின்றார், மருத்துவமனையில் அருகே போனார். லேவியராகமத்தின் இரு கட்டளைகளும் அந்த ஒரு மனிதரிடம் சேர்ந்திருந்ததாகவே நான் பார்க்கிறேன்.

இங்கிலாந்து நாடெங்கும் மருத்துவமனைக் குருமார் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, வர முடியாத மகனுக்குப் பதிலாக, மகளுக்குப் பதிலாக, படுக்கையருகே நின்றார்கள். வீட்டாரின் குரல் கேட்கும்படி நோயாளியின் காதருகே செல்போனைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படி நின்றதற்கு நாம் எப்போதும் கடன்பட்டவர்கள். இணையம் இல்லாத முதியோரை நினைத்து 2020 ஏப்ரல் 26 அன்று 'டெய்லி ஹோப்' என்ற இலவசத் தொலைபேசிச் சேவையை இங்கிலாந்துத் திருச்சபையார் தொடங்கினார்கள். எண்ணைச் சுழற்றினால் பாட்டும் ஜெபமும் கேட்டன. செல்போனில் ஆராதனை பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஆயிரம் வழி இருந்தது. அது தெரியாத பாட்டிமாரை யாரோ ஒருவர் நினைத்தாரே, அந்த நினைப்பைத்தான் நான் ஊழியம் என்பேன்.

திருவிருந்துப் பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1547-ல் இங்கிலாந்தில் இயற்றிய சட்டம் ஒன்று, அப்பத்தோடு பாத்திரத்தையும் சாதாரண மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றது. தவிர்க்க முடியாத தேவை வந்தால் ஒழிய என்று ஒரு விலக்கையும் சேர்த்து வைத்தது. அந்தச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. 2020 ஜூலையில் ஆலயங்கள் மீண்டும் கூடியபோது, அந்த விலக்கின்படி மக்களுக்கு அப்பம் மட்டும் கொடுத்தார்கள். நூற்றாண்டுகள் காத்திருந்து பெற்ற பாத்திரத்தை அயலான் நலத்துக்காகக் கீழே வைத்தார்கள். திருவிருந்தே கிடைக்காதவர்களுக்கும் பழைய ஜெபப் புத்தகம் ஆறுதல் சொல்லியிருக்கிறது: மனந்திரும்பி, சிலுவையை விசுவாசித்து, நன்றியோடு நினைக்கிறவன், வாயினால் பெறாவிட்டாலும் கிறிஸ்துவை உண்மையாகவே பெறுகிறான் என்பது அதன் போதனை. வீட்டில் திரைமுன் முழங்கால்படியிட்ட லட்சக்கணக்கானோரை அந்தப் போதனை தாங்கியது.

எபிரெயர் நிருபம் 13-ம் அதிகாரத்தில், இயேசு நகரவாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்றும், நாமும் அவரிடத்திற்குப் பாளயத்துக்குப் புறம்பே போக வேண்டும் என்றும் வாசிக்கிறோம். கொள்ளைநோய்க் காலம் போய்விட்டது. புறம்பே இருப்பவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை. நம் சேகரத்திலேயே பாருங்கள். 2020-க்கு முன் ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் சிலர் இன்று படியேற முடியாமல் வீட்டில் இருக்கிறார்கள். கூட்டத்துக்குப் பயந்து வராமலேயே பழகிவிட்டவர்கள் இருக்கிறார்கள். துக்க நாளில் யாரும் வரவில்லையே என்ற வருத்தத்தில் ஒதுங்கிப்போன குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களைத் திரும்ப அழைக்க அறிவிப்புப் பலகை போதாது, அவர்கள் வீட்டுக்கு நாம் போக வேண்டும்.

அடுத்த மாதம் முதல், மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து முடிந்ததும் நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிறேன். அந்த வீட்டில் நோயாளியோடு பங்குபெற ஒவ்வொரு தடவையும் என்னோடு இரண்டு பேர் வர வேண்டும். நீங்கள் பயப்பட வேண்டிய காலம் இப்போது இல்லை, ஆகவே குருவானவர் ஒருவர் மட்டும் போதும் என்ற அந்தப் பழைய விதிவிலக்கும் நமக்கு வேண்டாம். யார் வீட்டுக்குப் போக வேண்டும், யார் வர முடியும் என்று எழுத ஒரு நோட்டு சேகரச் செயலர் கையில் இருக்கிறது. ஆராதனை முடிந்ததும் வெளிவாசலருகே நிற்பார். பெயர் கொடுங்கள்.