ஒற்றைக் கண் குதிரையும் கோயில் காரும்



நமது பங்கின் பழைய அம்பாசடர் கார் சென்ற மாதம் விலையாயிற்று. 70,000 ரூபாயாவது பெறும் என்று நம்மில் பலரும் எண்ணியிருந்தோம். கைக்கு வந்ததோ 42,000 ரூபாய். "சாமிக்கு வியாபாரம் தெரியாது" என்று சிலரும், "வருகிற விலையைச் சாமியே வாயைத் திறந்து கெடுத்துவிட்டார்" என்று சிலரும் பேசிக்கொள்வது என் காதுக்கும் எட்டியது. இரண்டாவது கூற்று முற்றிலும் உண்மை. கோயில் பணத்தில் ஒரு காசு குறைந்தாலும் உங்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் நான். ஆகவே இவ்வாரம் இந்தப் பக்கத்தை அதற்கென்றே எடுத்துக்கொள்கிறேன். கணக்கோடு ஒரு கேள்வியும் இருக்கின்றது: ஒரு பொருளை விற்கிறவன் அதில் மறைந்துள்ள குறையைத் தானாகவே சொல்லக் கடமைப்பட்டவனா?

அந்தக் காரை 2018-ஆம் ஆண்டில் வாங்கினோம். 1998-ஆம் ஆண்டு மாடல், டீசல் என்ஜின். அம்பாசடரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுபோனாலும், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் நம் பக்கத்தில் இன்னும் இருப்பதால், கிளைக் கிராமங்களுக்குப் பூசை வைக்கப் போகவும், இரவில் அவஸ்தைப்பூசுதலுக்குப் போகவும் அதுவே போதும் என்று தீர்மானித்தோம். வாங்கப்போன அன்று என்ஜின் ஒரே திருப்பில் பற்றிக்கொண்டது. புகையும் இல்லை. மீட்டரில் ஓடிய தூரமும் குறைவாகவே இருந்தது. மகிழ்ச்சியோடு கொண்டுவந்தோம்.

மறுநாள் காலையில் அது எழுந்திருக்க மறுத்துவிட்டது. டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜினைப் போல் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய 20-ல் ஒரு பங்காக அழுத்தி, அந்த அழுத்தத்தால் பிறக்கும் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் சூடு பிறக்காது. குளிர்ந்த காலையில் கிளம்பாது. முதல் நாள் நாங்கள் போவதற்கு முன்னரே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள் என்பதும், புகையை அடக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றியிருந்தார்கள் என்பதும் மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கதவின் அடிப்பக்கத்துத் துருவெல்லாம் பட்டி பார்த்து, மேலே பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது.

டீசல் என்ஜின் இயல்பிலே பொய் சொல்லாதது. கரும்புகை வந்தால் டீசல் அதிகம், அல்லது காற்றுக் குறைவு என்று பொருள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகின்றது. விடாமல் வெண்புகை வந்தால் டீசல் எரியாமல் போகின்றது, அல்லது தண்ணீர் உள்ளே கசிகின்றது. தன் குற்றங்களையெல்லாம் குழாய் வழியாக அது ஒழுங்காகப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறது. மனிதன்தான் அதன் வாயை அடைக்கிறான். சில்லறை வியாபாரி மட்டும் செய்கிற காரியமும் அன்று இது. 2015-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் கம்பெனி உலகெங்கும் விற்ற சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில், பரிசோதனை நடக்கும்போது மட்டும் புகையின் நச்சைக் குறைத்துக் காட்டும் தந்திரத்தை வைத்திருந்தது வெளிப்பட்டது. சோதிக்கிறவனுக்கு ஒரு முகம், சாலையில் போகிறவனுக்கு ஒரு முகம்! படித்தவன் செய்தாலும் பாமரன் செய்தாலும் வஞ்சகம் வஞ்சகமே.

நாமோ அந்தக் காரோடு வாழப் பழகினோம். வளையங்களை மாற்றினோம். பம்ப் வேலையும் நாசில் வேலையும் செய்தோம். இதைச் செலவைப் பாராமல் செய்ததற்குக் காரணம் உண்டு. 2012-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் புகையை விட்டுவிட்டுப் பீடத்தில் ஏறிப் பிறர்சிநேகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எப்படி? இவ்வாறு வருஷத்துக்கு ஒரு பெரிய வேலையாகப் பார்த்துப் பார்த்து ஓட்டிவந்தோம்.

சென்ற தபசுகாலத்தில், மலைக் கிராமத்துக்குச் சிலுவைப்பாதைக்குப் போகும் வழியில், ஐந்தாவது கொண்டையூசி வளைவில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. இருட்டில் பின்னால் வந்த லாரி ஒன்று மயிரிழையில் ஒதுங்கிப் போயிற்று. சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு! அதை அடைத்துக் கொடுத்த மெக்கானிக், "சாமி, சமவெளியில் ஓட்டினால் இது உழைக்கும், மலையேறினால் தாங்காது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னபடியே இருந்தது. சமதரையில் 30 கிலோமீட்டர் ஓட்டினாலும் ஒரு குறையும் தெரியவில்லை. ஆகவே விற்றுவிடுவது என்று பங்குப் பேரவையில் முடிவாயிற்று.

முதலில் வந்தவர் மலைமேல் காய்கறி பயிரிடும் ஓர் இளைஞர். காலையில் குளிர்ந்த என்ஜினை அவரையே திருப்பச் சொன்னேன்; கிளம்பிற்று. கடைத்தெரு வரையில் ஓட்டிப் பார்த்தார், பிடித்துவிட்டது. 70,000-க்குச் சம்மதித்து, முன்பணத்தையும் எடுத்தார். அவ்வேளையில் பேரவை அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "சாமி, அவர் கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை, இதில் பொய் எங்கே இருக்கிறது? நாமும் ஏமாந்துதானே வாங்கினோம்? அதுவுமல்லாமல் இது சாமியுடைய பணமா, கோயில் பணமல்லவா? ஞானோபதேச வகுப்பறைக்குக் கூரை போட வேண்டுமே" என்றார். அவர் நல்லவர், கோயிலின்மேல் உள்ள பற்றினால் பேசினார். அவருடைய வார்த்தை என்னை அசைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். அவர் சொன்ன மூன்று நியாயங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் நியாயம்: கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய்யாகுமா? இது பழமையான வழக்கு. கிறிஸ்து நாதர் பிறப்பதற்கு முன்னரே, உரோமை அறிஞர் சிசரோ, கடமைகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் இதை எடுத்துப் பேசுகிறார். ஒருவன் வீட்டை விற்கிறான். அறைகளில் பாம்பு வருவதும், மரங்கள் உளுத்திருப்பதும் அவனுக்கு மட்டுமே தெரியும். சொல்ல வேண்டுமா? சொல்லியே தீர வேண்டும் என்கிறார் அந்திபாத்தர் என்னும் ஞானி. சொல்லாமலிருப்பதெல்லாம் மறைப்பதாகாது என்று வாதிக்கிறார் அவருடைய குருவாகிய தியோஜெனிஸ். சிசரோ சீடனின் பக்கமே தீர்ப்பளிக்கிறார்.

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் தமது வேதசாஸ்திரப் பெருநூலின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதியில், 77-ஆம் கேள்வியில் இதைத் தெளிவாக வகுத்துக் காட்டுகிறார். குறை இருவகை. குதிரைக்கு ஒரு கண் இல்லை என்றால் அது வாங்குகிறவனுக்கே தெரியும். அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்டால் போதும், வாயால் சொல்லக் கடமை இல்லை. ஆனால் குறை மறைந்திருந்து, வாங்குகிறவனுக்கு நஷ்டத்தையோ ஆபத்தையோ விளைவிக்குமானால், நொண்டிக் குதிரையை வேகக் குதிரையாகவும், விழப்போகும் வீட்டை உறுதியான வீடாகவும் விற்பது போலாகும். அப்போது சொல்லாமல் விற்பது அநியாயம். உண்டான நஷ்டத்தை ஈடுகட்டவும் விற்றவன் கடமைப்பட்டவன். நம் காரில் இரு வகையும் இருந்தன. கிழிந்த ஆசனமும் துருப்பிடித்த கதவும் ஒற்றைக் கண்ணைச் சேர்ந்தவை. சிலிண்டர் ஹெட்டின் வெடிப்போ நொண்டிக்காலைச் சேர்ந்தது. அதுவும் யாருக்கு? தினமும் மலையேறப்போகும் மனிதனுக்கு!

இதனால், ஒவ்வொரு குறையையும் தெருவில் நின்று பறைசாற்ற வேண்டும் என்று எண்ண வேண்டாம். அப்படிச் செய்தால் பொருளின் நல்ல குணங்களை அறியாமலே எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்பதை அதே பரிசுத்தவான் ஒத்துக்கொள்கிறார். வாங்க வருகிற ஆளிடம் தனியே சொன்னால் போதும். நல்லதையும் கெட்டதையும் சேர்த்து எடைபோட்டுக்கொள்வது அவன் பொறுப்பு. எவ்வளவு நிதானமான போதனை!

இரண்டாம் நியாயம்: நாமும் ஏமாந்துதானே வாங்கினோம்? ஆம். ஆனால் நம்மை ஏமாற்றியவர் வேறு, வாங்க வந்தவர் வேறு. ஒருவர் பட்ட கடனை மற்றொருவரிடம் வசூலிப்பது எந்த நீதி? நாம் செய்த வேலைகளால் வண்டிக்குக் கூடியுள்ள மதிப்பை விலையில் சேர்க்கலாம், அது நியாயமே. நாம் ஏமாந்ததற்குக் கொடுத்த அபராதத்தைச் சேர்க்கலாகாது. பிறர் நமக்கு எதைச் செய்ய வேண்டுமென்று விரும்புகிறோமோ அதை நாம் பிறருக்குச் செய்ய வேண்டும் என்று ஆண்டவர் மத்தேயு சுவிசேஷம் 7-ஆம் அதிகாரத்தில் அளவுகோல் கொடுத்திருக்கிறார். பிறர் நமக்கு எதைச் செய்தார்களோ அதையே திருப்பிச் செய்யும்படி அவர் சொல்லவில்லை. பிறர் பொருளையும் தம் பொருள்போலக் காப்பதே வணிகருக்கு அழகு என்ற கருத்தை நம் வள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அதிலும் பாருங்கள்: வஞ்சகம் ஒருவன் கையிலிருந்து மற்றவன் கைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. எங்கேயாவது ஒருவன் நஷ்டத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டால்தான் அது நிற்கும்.

மூன்றாம் நியாயமே மிகவும் கடினமானது. பணம் என்னுடையதாயிருந்தால் தாராளமாக விட்டுவிடலாம். பிறருடைய பணத்தில் நான் தாராளம் காட்டலாமா? இதைக் குறித்து அன்றிரவு நன்மைப் பேழைக்கு முன் வெகுநேரம் முழங்காலில் இருந்தேன். முடிவில் ஒன்று விளங்கிற்று. சொந்தக்காரனுக்கு இல்லாத உரிமை காவற்காரனுக்கு வராது. அந்த 28,000 ரூபாய் முதலிலேயே கோயிலுக்குச் சேர வேண்டிய பணமாயிருந்தால் அல்லவா அதை நான் இழந்தேன் என்று சொல்லலாம்? மறைத்துச் சொன்ன விலைக்கும் உண்மை விலைக்கும் உள்ள வித்தியாசம் ஒருநாளும் நம்முடையதல்ல. ஏழாம் கற்பனைக்கு விரோதமாய் வந்த பணத்தில் கூரை போட்டு, அதன் கீழே பிள்ளைகளுக்கு ஏழாம் கற்பனையைப் போதிக்க முடியுமா?

அந்த இளைஞர் முன்பணத்தை நீட்டியபோது, யோசிக்க ஓர் இரவு வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருந்தேன். காலையில் வந்தவரிடம், "தம்பி, இது மலைக்கு ஆகாது" என்று எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள் சாமி, அவர்களையும் இதில்தான் ஏற்றியிருப்பேன்" என்று சொல்லி, வணங்கிவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்துச் சமவெளியில் கடை வைத்திருக்கும் ஒருவர், வெடிப்பைப் பற்றிக் கேட்டறிந்து, தம் மெக்கானிக்கையும் அழைத்துவந்து காட்டி, 42,000-க்கு எடுத்துக்கொண்டார். இதுவே கணக்கு. கூரை வேலைக்குக் குறைகிற தொகையை வேறு வழியில் தேடுவோம்; முதற் காணிக்கையாக என் பங்கை உண்டியலில் போட்டுவிட்டேன்.

அன்பர்களே, கார் விற்பவர் நம் பங்கில் சிலரே. ஆனால் மாடு விற்கிறோம். சந்தைக்கு முந்தின நாள் பால் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுகிறோமா? மனை விற்கிறோம், கோடையில் கிணறு வற்றுவதை மழைக்காலத்தில் விற்று மறைக்கிறோமா? பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். தீராத நோயையும் விடாத குடியையும் "கலியாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று மூடிவைக்கிறோமா? தரகர்தானே பேசினார் என்று சொல்லித் தப்ப முடியாது. அவர் வாயால் பேசியது நாமே. வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பொருளை மட்டம் மட்டம் என்று பழித்து வாங்கிவிட்டு, அப்பால் போய்த் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளும் மனிதனை நீதிமொழிகள் ஆகமம் 20-ஆம் அதிகாரம் காட்டித் தருகிறது. விற்பவனுடைய அவசரத்தையோ அறியாமையையோ கண்டு அடிமாட்டு விலைக்கு அடிப்பதும் அதே பாவத்தின் மறுபக்கந்தான்.

ஏற்கெனவே ஒருவரை இப்படி நஷ்டப்படுத்தியிருந்தால், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லிவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. இயன்ற அளவு ஈடுகட்ட வேண்டும். எப்படி என்று தெரியாவிட்டால் வந்து கேளுங்கள், வழி உண்டு. நமக்கு அந்தக் காரை விற்றவருக்காகவும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். அவர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர் நின்ற இடத்திலேயே நானும் ஓர் இரவு நின்று பார்த்தேன். அது எவ்வளவு வழுக்கும் இடம் என்பதை அறிந்துகொண்டேன்.

சர்வேசுரன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு