கேட்கிறவருக்கு என்ன பதில்?

(திருக்கடையூரில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் போதகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். தியானப் பகுதி: 1 பேதுரு 3:13–17)



இப்போது வாசிக்கக் கேட்ட பகுதியில் பேதுரு அப்போஸ்தலர் நம் ஒவ்வொருவர் தலையிலும் ஒரு பொறுப்பை வைக்கிறார். நீ எதை நம்பி வாழ்கிறாய், ஏன் நம்புகிறாய் என்று ஒருவர் கேட்டால் விழிக்காதே, விளக்கம் சொல் என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. அந்த விளக்கம் சாந்தமாக இருக்கட்டும், தெய்வ பயத்தோடு இருக்கட்டும், உன் மனசாட்சியும் சுத்தமாக இருக்கட்டும் என்கிறார். ஆசியா மைனரில் சிதறிக் கிடந்த சிறுகூட்டத்துக்கு எழுதிய நிருபம் இது. ஊரில் அவர்களைப் பற்றி அவதூறு, வீட்டில் சந்தேகம், வேலையிடத்தில் ஏச்சு. நம் நிலைமைக்கு இது ரொம்பத் தூரம் இல்லை.

இன்றைக்கு டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் செல்போனிலும் நம்மைக் கேள்வி கேட்கிறார்கள். ஆள் சேர்க்கிறீர்களாமே? உங்கள் சபையிலும் சாதி இருக்கிறதாமே? இந்தக் காலத்திலும் செத்தவர் எழுந்தார் என்று நம்புகிறீர்களா? கேள்விகளில் எனக்குப் பயம் இல்லை. நாம் பதில் சொல்லும் விதத்தில்தான் பயம். மூன்று தவறான வழிகளைப் பார்க்கிறேன்: மறைப்பு, கரைப்பு, இரைச்சல்.

முதலில் மறைப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், தாலுகா ஆபீசில் ஒரு பெயர். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. ஆனால் சாதிச் சான்றிதழுக்கு மனுப் போடும்போது அது நடக்கவே இல்லை. 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார். மெய்யான நம்பிக்கை இல்லாமல், இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தின் பெயரைச் சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்று நீதிபதிகள் கண்டித்தார்கள்.

இதைக் கேட்டு ஏழையின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போவது சுலபம். சட்டம் என்ன சொல்கிறது? 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் நம் மக்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கிறார்கள். ஞானஸ்நானம் எடுத்ததால் சேரியில் இருந்த வீடு அக்கிரகாரத்துக்கு நகர்ந்துவிடவில்லை. 2023 ஏப்ரல் 19 அன்று நம் சட்டமன்றமும் இந்தக் குறையைச் சரிசெய்யச் சொல்லித் தீர்மானம் போட்டது. அது நியாயமான கோரிக்கை. தெருவில் நின்று, பெயரைச் சொல்லி, கிறிஸ்தவனாகவே கேட்கலாம். ஆனால் கிறிஸ்துவைத் தெரியாது என்று சொல்லிச் சலுகை வாங்க நமக்கு அதிகாரம் இல்லை.

மறைத்து வாழ்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். உங்களை விரட்ட நான் வரவில்லை. இந்த நிருபத்தை எழுதியவர் யார்? ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு, நெருப்பண்டை நின்றுகொண்டு, அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று சொன்ன அதே பேதுரு. அவர் திரும்பி வந்தார். கர்த்தர் அவரைச் சேர்த்துக்கொண்டார். உங்களையும் சேர்த்துக்கொள்வார்.

இரண்டாவது கரைப்பு.

இது படித்தவர்களுக்கு வரும் சோதனை. உயிர்த்தெழுதலா, அது சீடர்களின் மனத்தில் பிறந்த நம்பிக்கை. கன்னியின் வயிற்றில் பிறந்தாரா, அது அழகான கற்பனை. இயேசு ஒருவரே இரட்சகரா, அப்படியெல்லாம் இன்றைக்குச் சொல்லலாமா என்று ஒவ்வொன்றாக நீர் ஊற்றிக்கொண்டே போகிறோம். கடைசியில் மிஞ்சுவது நல்லொழுக்க வகுப்பு. அதற்குச் சிலுவை எதற்கு?

பவுல் இதைச் சுற்றி வளைக்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் பதினைந்தாம் அதிகாரத்தில், கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் நம் பிரசங்கமும் வீண், விசுவாசமும் வீண் என்று தன் பிழைப்பையே பணயம் வைக்கிறார். அந்த நிருபம் ஏறத்தாழ கி.பி. 55இல் எழுதப்பட்டது. சிலுவை நடந்து 25 வருஷம் போல ஆகியிருக்கும். எழுந்தவரைக் கண்டவர்கள் ஐந்நூறு பேருக்கு மேல், அவர்களில் அநேகர் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். போய் விசாரித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். கதை கட்டுகிறவன் சாட்சியின் விலாசம் கொடுப்பானா? கல்லறை வெறுமையாயிருந்ததை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று சுவிசேஷங்கள் சொல்கின்றன. பெண்ணின் சாட்சிக்கு மதிப்புக் குறைந்த காலம் அது. பொய்யாக ஜோடித்திருந்தால் அந்த இடத்தில் மதிப்புள்ள ஆண்களையல்லவா நிறுத்தியிருப்பார்கள்? இந்தப் பதில் உங்கள் நாவில் இருக்கட்டும்.

எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது மரியாதை என்று நினைக்கிறோம். இந்த ஊரைக் கேட்டுப் பாருங்கள். சைவ சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றான திருக்களிற்றுப்படியாரைச் செய்த உய்யவந்த தேவநாயனார் இந்தத் திருக்கடவூர்க்காரர், பன்னிரண்டாம் நூற்றாண்டு. அவருக்குப் பின் வந்த அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதியே வைத்தார். பிற மதத்தார் என்ன சொல்கிறார்கள் என்பதை முதலில் எடுத்துச் சொல்லி, பிறகு மறுத்து, அதற்கப்புறமே தம் கொள்கையை நிறுவுகிறார். வேறுபாட்டை வேறுபாடு என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டில் குடியிருப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நம் விசுவாசம் வயல் வரப்பு மாதிரி. தண்ணீரை உள்ளே நிறுத்துவதும் அதுதான், ஊர் ஜனம் நடந்து போகிற வழியும் அதுதான். வரப்பை வெட்டிவிட்டால் இரண்டும் போய்விடும்.

திருமணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 2023 அக்டோபர் 17 அன்று, உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஒரே பாலினத்தவரின் திருமணத்தைச் சட்டப்படி அங்கீகரிக்க மறுத்தது. நாளைக்கு நாடாளுமன்றம் வேறு சட்டம் செய்யலாம், செய்யாமலும் போகலாம். சபையின் போதனை அதற்காகக் காத்திருக்கவில்லை. ஒரு புருஷன், ஒரு ஸ்திரீ, சாகும் வரை ஒரே உடன்படிக்கை. மத்தேயு பத்தொன்பதாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் படைப்பின் தொடக்கத்துக்கே போய் இதைச் சொல்கிறார். நாம் அதைத்தான் போதிப்போம். வேறு விதமாக வாழ்கிறவரைக் கேலி செய்யவோ வீட்டைவிட்டுத் துரத்தவோ அந்த அதிகாரத்தில் இடம் இல்லை. அவரும் தேவ சாயல்.

அந்த இடத்தில் ஆண்டவரிடம் கேட்கப்பட்ட கேள்வி எதைப் பற்றியது? விவாகரத்தைப் பற்றியது. அங்கே முதலில் குத்துவது நம்மைத்தான். இந்த ஊர்ச் சன்னதித் தெருவில் தினமும் காலையில் பார்க்கிறீர்கள். அறுபது நிறைந்தவர், எண்பது கண்டவர், கழுத்தில் ரோஜா மாலையோடு மனைவியின் கையைப் பிடித்து மெதுவாக நடக்கிறார். பிள்ளைகள் கலசத் தண்ணீரை ஊற்றுகிறார்கள், பேரன் செல்போனில் படம் எடுக்கிறான். அந்தச் சடங்கு நம்முடையது அல்ல. ஆனால் அத்தனை வருஷம் ஒருத்தியோடு வாழ்ந்து காட்டியவர் முன்னால், வரதட்சணைப் பாக்கிக்காக மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய நாம் எந்த முகத்தோடு திருமணத்தின் பரிசுத்தத்தைப் பிரசங்கிப்போம்?

மூன்றாவது இரைச்சல்.

மறைக்கவும் மாட்டார்கள், கரைக்கவும் மாட்டார்கள், ஆனால் கத்துவார்கள். அடுத்தவர் சாமியைக் கேலி செய்து ஒரு வீடியோ, அதற்குப் பதிலாக நம்மைத் திட்டி ஒரு வீடியோ. இரண்டையும் ராத்திரி பத்து மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டு, ஊழியம் செய்த திருப்தியோடு தூங்குகிறோம்.

இங்கிருந்து சில மைல் தொலைவில் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு ஐயரும் புளூச்சோ ஐயரும் மிஷனரிகளாக அங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு ஐயருக்கு அப்போது 24 வயது நிரம்பவில்லை. அவர் செய்த முதல் வேலை பிரசங்கம் அல்ல. ஒரு வாத்தியாரின் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பிறகு இந்த ஊர்ப்பக்கத்துப் படித்தவர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார். நீங்கள் எதை நம்புகிறீர்கள், ஏன் நம்புகிறீர்கள், எங்களிடம் உங்களுக்குப் பிடிக்காதது என்ன? பதில்கள் வந்தன. கிறிஸ்தவர்களின் குடியையும் ஒழுங்கீனத்தையும் அந்தத் தமிழர்கள் தயங்காமல் சுட்டிக்காட்டினார்கள். அந்தக் கடிதங்களை அவர் அப்படியே ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். 1713இல் இந்நாட்டுத் தெய்வங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஹாலேக்காரர்கள் அதை அச்சிடவில்லை, 1867இல்தான் சென்னையில் அது அச்சேறியது. இவ்வளவு கேட்டறிந்த மனிதர் தம் கொள்கையில் அணுவளவும் தளரவில்லை. இந்த வழிபாடு தவறு என்றுதான் கடைசிவரை எழுதினார். ஆனால் கேட்ட பிறகு எழுதினார்.

அவரைச் சிறையில் அடைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள் என்று நினைக்காதீர்கள். 1708 கடைசியில் டேனியக் கோட்டையில் அவரை நான்கு மாதம் போல அடைத்து வைத்தவர் கிறிஸ்தவரான தளபதி ஹாசியுஸ். ஒரு ஏழைத் தமிழ் விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசியது அந்தத் தகராறில் ஒரு முக்கியமான காரணம். வெளியே வந்தவர் பழிவாங்கவில்லை, வேலையைப் பார்த்தார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாரில் கடுதாசிப் பட்டறை வைத்தார்கள். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. அடுத்த வருஷமே, 36 வயதில், அதே ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஆசை காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை விவாதித்து, மதத்தைப் பரப்பும் உரிமையை நிலைநிறுத்தியது; இன்றைக்கு அது 25ஆம் பிரிவு. 1977இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை வேறு, ஒருவரை மாற்றும் உரிமை வேறு என்றது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் வரும், போகும். நம் உபதேசம் என்ன? விசுவாசம் தேவனுடைய ஈவு. பணத்துக்கோ பயத்துக்கோ எடுத்த ஞானஸ்நானத்தில் விசுவாசம் இல்லை. ஆகவே காசு கொடுத்து ஆள் பிடிப்பதை எந்தச் சட்டத்துக்கும் முன்னால் எதிர்க்க வேண்டியவர்கள் நாம்தான். அப்படி யாராவது நம் பெயரில் செய்தால், செய்யாதே என்று நாமே சொல்லவேண்டும். அதன்பிறகு, ஒருவர் தாமாக வந்து கேட்டால் சுவிசேஷம் சொல்வோம், யாருக்கும் அஞ்சமாட்டோம்.

இன்னும் ஒன்று சொல்லாமல் இந்த உரையை முடித்தால் என் மனசாட்சி குத்தும்.

தஞ்சை அரசரின் படையில் இருந்தவர் ராஜநாயக்கன். தரங்கம்பாடியில் அச்சான வேதப் புத்தகம் கைக்குக் கிடைத்து, அதைப் படித்தே விசுவாசியானார். உபதேசியாராக இந்தக் காவிரி நாட்டு ஊர்களில் அடியும் ஏச்சும் வாங்கி உழைத்தார். 1733இல் ஆரோன் ஐயர் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்தாந்து சபையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். ராஜநாயக்கனுக்கு அந்தப் பட்டம் வரவே இல்லை. காரணம் அவர் பிறந்த குலம். அவர் கையால் இராப்போஜனம் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்கள் என்று மிஷனரிமார் பின்வாங்கினார்கள். ஒரு நூறு வருஷம் கழித்து, 1833இல், பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி அறவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதற்காகச் சண்டை. பழைய வழக்கத்தைக் காக்கிறோம் என்று சொல்லித்தான் அவர்கள் சண்டை போட்டார்கள்.

பழமையைக் காப்பவர்கள் நாம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, எந்தப் பழமையை? அப்போஸ்தலர் போதித்தது பழமை. தனிப் பெஞ்சும், தனிக் கல்லறையும், சாதி பார்த்து வரன் தேடுவதும் அப்போஸ்தலர் போதித்தவை அல்ல. கிறிஸ்துவின் சரீரம் ஒன்று என்பது நம் விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்தது. அதை மறுக்கிறவன், உயிர்த்தெழுதலை மறுக்கிறவனைவிட எந்த விதத்தில் உத்தமன்? வெளியே இருந்து வரும் எந்த எதிர்ப்பும் நம் சாட்சியை இவ்வளவு பலவீனப்படுத்தியதில்லை.

என்ன செய்யலாம்? மாற்கு சுவிசேஷத்தை வீட்டில் சத்தமாக வாசியுங்கள். நம்புவது எதை என்று தெரியாதவன் பதில் சொல்ல முடியாது. நீங்கள் ஏன் கிறிஸ்தவர் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரிகிற தமிழில், இரண்டு நிமிஷத்தில் சொல்லிப் பழகுங்கள். அவர் நம்பிக்கையையும் அவர் வாயாலேயே கேளுங்கள். அடுத்தவரை இழிவாகப் பேசும் வீடியோ வந்தால் உங்களோடு நிற்கட்டும். உங்கள் சபைக் கமிட்டியில், கல்லறைத் தோட்டத்தில், உங்கள் மகனின் கல்யாணப் பேச்சில் சாதி தலைகாட்டினால், அங்கே எழுந்து நின்று பேசுங்கள். விசுவாசத்தைக் காக்கும் போராட்டத்தில் முதல் களம் அதுதான்.

ஜெபிப்போம்.

பரம பிதாவே, உம்மை மறைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்குத் துணிவைத் தாரும். உம்முடைய சத்தியத்தைக் கரைத்தவர்களுக்குத் தெளிவைத் தாரும். வாய் அடங்காத எங்களுக்குச் சாந்தத்தைத் தாரும். இந்த ஊரையும், இங்கே வருகிற முதியவர்களையும், எங்களை எதிர்க்கிறவர்களையும் ஆசீர்வதியும். எங்கள் சபையைப் பிரிக்கிற சுவர்களை நாங்களே இடிக்க எங்களைப் பலப்படுத்தும். உயிர்த்தெழுந்த இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.