கலைஞன் நமக்குக் கடனாளியா?

போப் ஐயர் 1900-இல் ஆங்கிலமாக்கிய திருவாசகத்தை இசைஞானி இளையராஜா 2005-இல், திரைப்படம் சாராத தனித்தொகுப்பாக வெளியிட்டார். அருள்தந்தை ஜெகத் கஸ்பார் முன்னின்று உழைத்தார். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. இசைஞானி தாமும் பாடினார்.

‘அன்னக்கிளி’ (1976) முதல் அவரைக் கேட்டு வளர்ந்த ஆர்.எஸ்.புரத்து நண்பர்கள் சிலருக்கோ மனம் நிறையவில்லை. பேரூர் பக்கத்தில் ஓதுவாரின் பண்ணைக் கேட்டுப் பழகிய செவிக்கு, உருகி நிற்க வேண்டிய இடத்தில் வயலின்கள் பொங்கி எழுவது இடையூறாகப் பட்டது. அப்படிச் சொல்வதில் பிழையில்லை. செவிக்கு எதிராகப் பொய் பேசும்படி எந்த அறமும் கேட்பதில்லை.

ஆனால் "ஏமாற்றிவிட்டார்" என்கிறோமே, அவர் நமக்கு வாக்களித்தது என்ன? பாட்டுப் பிடிக்காமற்போவது சுவை. பழைய இளையராஜாவைத் திருப்பிக் கொடுங்கள் என்பது வழக்கு. நெடுநாள் நேசித்தோம் என்பதாலேயே அவர் அடுத்து எதைப் பாடவேண்டும் என்னும் உரிமையும் நமக்கு வந்துவிட்டதாக எண்ணுகிறோம். தச்சர் மகனை நன்கறிவோம் என்ற நினைப்பில்தான் நாசரேத்தூரார் இடறினர். (பாடகரை ஆண்டவரோடு ஒப்பிடவில்லை, அவ்வூராரை நம்மோடு ஒப்பிடுகிறோம்.) தனிக்குடித்தனம் போகும் மகனிடம் பெற்றோருக்கு வரும் மனத்தாங்கலும் இவ்வகையே.

அத்தொகுப்பின் சில இடங்கள் இன்றும் நமக்கு ஒட்டவில்லை.