பொதுமொழியும் நீதியும்: தன்சானியா எழுப்பும் ஓர் அறவினா

பல மொழி பேசும் மக்கள் ஓர் அரசின்கீழ் வாழ நேரும்போது, அவர்கள் தமக்குள் உரையாடுதற்குப் பொதுமொழி ஒன்று வேண்டப்படுகின்றது. இத்தேவையை மறுப்பார் சிலரே. ஆயின், அப்பொதுமொழி யாருடைய மொழியாக இருத்தல் வேண்டும் என்ற வினா எழுந்ததும், வசதி பற்றிய பேச்சு நீதி பற்றிய பேச்சாக மாறிவிடுகின்றது. தாய்மொழியே அரசமொழியாகவும் அமையப்பெற்றவன் முயற்சியின்றியே ஒரு செல்வத்தைப் பெறுகின்றான். மற்றவனோ அதே நிலையை எய்துதற்கு ஆண்டுகள் பலவற்றைச் செலவிடுகின்றான். இவ்வேற்றத்தாழ்வுக்கு இடமளியாத பொதுமொழி ஒன்று இருத்தல் கூடுமா? கிழக்காபிரிக்க நாடான தன்சானியாவின் அனுபவம் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற களமாகும்.

அந்நாட்டில் 120க்கு மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை பாந்து மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மாசாய் மக்களின் மொழி நைலோற்றிக் குடும்பத்தது. வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களின் மொழியோ வேறெம்மொழியுடனும் உறவு நிறுவப்படாதது. சுகுமா மக்களே எண்ணிக்கையில் மிகுந்தவர். எனினும் ஏனையோர் அனைவரையும் விஞ்சும் பெரும்பான்மையினர் அல்லர்.

பொதுமொழியாகிய சுவாகிலி, இந்து சமுத்திரக் கரையோரத்திலும் சன்சிபார்த் தீவிலும் வளர்ந்தது. அது பாந்து அமைப்பும் மிகுதியான அரபுச் சொற்களும் உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனை உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற வணிகக் கூட்டங்கள் யானைத் தந்தத்தோடு அடிமைகளையும் விலைப்பொருளாக்கியவை. பின்னர் ஜேர்மானியர் அதனை ஆட்சிக் கருவியாக்கினர். ஆங்கிலேயர் ஆட்சியில், 1930இல் அமைந்த மொழிக்குழு சன்சிபார் வழக்கையே தரமொழிக்கு அடிப்படையாகக் கொண்டது. ஆகவே, அம்மொழியின் பரவல் குற்றமற்ற வரலாறு உடையதன்று. ஆயினும் 1954இல் தோன்றிய விடுதலை இயக்கம் அதே மொழியாலேயே மக்களை ஒன்றுதிரட்டியது. ஒரு மொழியின் தகுதியை அது வந்த வழி மட்டுமே தீர்மானிப்பதில்லை. அதனைக் கொண்டு மக்கள் இயற்றும் செயலும் தீர்மானிக்கின்றது.

1961இல் விடுதலை பெற்ற தங்கனிக்கா, 1964இல் சன்சிபாருடன் இணைந்து தன்சானியாவாயிற்று. அதன் தலைவர் ஜூலியஸ் நைரேரே, சனாக்கி எனும் சிறிய இனத்தவர். அவர் தம் தாய்மொழியை அரியணை ஏற்ற முயலவில்லை. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைச் சுவாகிலியில் பெயர்த்து 1963இல் வெளியிட்டு, அம்மொழியின் ஆற்றலைப் புலப்படுத்தினார். 1967இன் பின் ஆரம்பக் கல்வி முழுவதும் சுவாகிலியில் நடைபெறலாயிற்று. உள்நாட்டு மக்களுள் எவருக்கும் அது பிறப்புரிமையாகக் கிடைத்ததன்று. சுகுமாப் பிள்ளையும் சனாக்கிப் பிள்ளையும் ஒருங்கே கற்றுப் பெற்றது. விட்டுக்கொடுக்குமாறு கேட்டவரும் விட்டுக்கொடுத்தார். அக்கொள்கையின் அறவலிமை இதுவே.

எனினும், இழப்பு சமமாகப் பகிரப்பட்டது என்பதனால் அது இழப்பன்று என ஆகிவிடாது. சிறு மொழிகளுக்குப் பாடசாலையிலும் நாட்டு வானொலியிலும் இடமளிக்கப்படவில்லை. பல இலட்சம் பேர் பேசும் மொழி அப்புறக்கணிப்பைத் தாங்கும்; சில நூறு பேர் பேசும் மொழி தாங்குதல் அரிது. ஒரே அளவான சுமை வலியவனுக்கும் மெலியவனுக்கும் ஒரே பாரமாவதில்லை.

மற்றொரு குறையும் உண்டு. ஆரம்பப் பாடசாலையைக் கடந்த மாணவன் இடைநிலைக் கல்வியில் ஆங்கிலத்தை எதிர்கொள்கின்றான். இடைநிலைக் கல்வியையும் சுவாகிலிக்கு மாற்றுமாறு 1982இல் சனாதிபதி ஆணைக்குழு ஒன்று பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. நீதிமன்றங்களின் மொழி சுவாகிலியே எனச் சட்டம் திருத்தப்பட்டது 2021இலேயாம். அதுவரை உயர்நிலை நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டுவந்தன. தன் வாழ்வைத் தீர்மானிக்கும் தீர்ப்பைத் தானே படித்தறிய இயலாதவன், எத்தகைய சமத்துவத்தை அனுபவித்தவன் ஆவான்? இனங்களுக்கிடையே நீக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு, கற்றோர்க்கும் மற்றோர்க்கும் இடையே மீண்டும் தலைதூக்கிற்று.

இவற்றினின்று இரு நெறிகள் பெறப்படும். பொதுநன்மைக்காகத் தியாகம் கோருவோர் அத்தியாகத்தில் தாமும் பங்கேற்றல் வேண்டும் என்பது ஒன்று. இதனைத் தன்சானியா பெரிதும் நிறைவேற்றியது. அந்நன்மைக்கு வேண்டிய அளவினும் மிகையாக எதனையும் கோரலாகாது என்பது மற்றொன்று. மக்கள் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளுதற்குச் சுவாகிலி வேண்டியிருந்தது. தாய்மொழிகளின் மௌனம் வேண்டியிருக்கவில்லை. பொதுமொழி என்பது பல வீட்டார் கூடும் முற்றம். முற்றம் அமைப்பதற்காக வீடுகளை இடிப்பின், அங்கு கூடுதற்கு எவர் எஞ்சுவர்?