பொன்னை வேண்டியவர்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகத் தெற்கே போனால் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் வருகிற ஊர் அமிர்தி. அந்தப் பெயரில் எத்தனை எழுத்து என்று கேட்டால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணி நான்கு என்று சொல்லும்: அ, மி, ர், தி. அதே பெயரை யூ.டி.எஃப்-8 குறிமுறையில் எழுதி, அதன் நீளம் என்ன என்று பைத்தான் 2 மொழியிடம் கேட்டால் 21 என்று விடை வரும். பைத்தான் 3 மொழியிடம் கேட்டால் 7 என்று வரும். பழையது பைட்டுகளை எண்ணியது. புதியது யுனிகோடு குறியெண்களை எண்ணுகிறது: அகரம், மகரம், இகரக் குறி, ரகரம், புள்ளி, தகரம், மறுபடியும் இகரக் குறி. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அடியில் இருந்த பதிப்பு மாறியது, விடையும் மாறிவிட்டது. அப்படியானால் அது இன்னும் அதே நிரல்தானா? அதை நம்பி இருந்தவர்களுக்கு, பதிப்பை மாற்றியவர் என்ன கடன்பட்டிருக்கிறார்? கணினிக்காரர்களின் கேள்வி போலத் தோன்றினாலும், மாறுகிற பொருளில் மாறாமல் நிற்பது எது என்பது இந்த மண்ணில் சமணரும் பௌத்தரும் சைவரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட கேள்வி. அவர்கள் கண்ட விடைகளில் ஒன்று இன்றைய நிரலாளருக்கும் வழிகாட்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நடப்பைப் பார்ப்போம். எந்த நிரலும் தனித்து நிற்பதில்லை. பிறர் எழுதிவைத்த நிரலகங்களை, அதாவது லைப்ரரிகளை, அடித்தளமாகக் கொண்டுதான் நிற்கிறது. ஒரு நிரலகத்தின் பதிப்பெண்ணில் முதல் இலக்கம் உயர்ந்தால், பழைய வழக்கங்களில் சில இனிச் செல்லாது என்பது பொதுவான மரபு. பைத்தான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். பழைய பைத்தான் 2.7க்கான ஆதரவு 2015இல் முடிவதாக இருந்தது. உலகம் இன்னும் நகரவில்லை என்று கண்டு 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். வானியலார் பயன்படுத்தும் அஸ்ட்ரோபை நிரலகம் 2018இல் வந்த 3.0 பதிப்போடு பைத்தான் 2ஐக் கைவிட்டது. பதினொரு ஆண்டுகள் உலகெங்கும் எண்ணற்றவர்கள் தங்கள் நிரல்களை வரி வரியாக மாற்றி எழுதினார்கள். மாற்றி முடித்ததும், இது பழைய நிரல்தான் என்று அதே பெயரில் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். அந்த உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

ஜவ்வாது மலைக்குக் கிழக்கே போளூர்ப் பக்கம் திருமலையும், வேலூர் மாவட்டத்தில் வள்ளிமலையும் பழைய சமணத் தலங்கள். சமணர் கொள்கையில் உள்பொருள் ஒவ்வொன்றுக்கும் மூன்று இயல்புகள் உண்டு: தோற்றம், கேடு, நிலைபேறு. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. எந்தக் கணத்திலும் மூன்றும் ஒருங்கே இருக்கின்றன. ஆசாரியர் சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்கிறார்கள். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான், மகுடத்தை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை விரும்பியவன் இரண்டுமின்றி அமைதியாக இருக்கிறான். நிகழ்ச்சி ஒன்று, மனநிலை மூன்று. மூன்றுக்கும் காரணம் பொருளிலேயே இருக்கிறது. பதிப்பு மாற்றத்தில் இந்த மூவரையும் காணலாம். பழைய நிரலை எழுதியவர் குடத்தை இழந்தவர். புதிய பதிப்பின் வசதிகளை விரும்பியவர் மகுடம் பெற்றவர். நிரல் தரும் விடையை மட்டும் நம்பி வாழ்கிற மூன்றாமவர் பொன்னை வேண்டியவர். மாற்றம் முறையாக நடந்ததா என்பதற்கு முதல் இருவரின் வருத்தமும் மகிழ்ச்சியும் சான்றாகா. மூன்றாமவர் கலங்காதிருக்கிறாரா என்பதே உரைகல்.

அப்படியானால் நிரலில் பொன் எது? எழுதப்பட்ட வரிகள் பொன் என்று சொல்ல முடியாது. பைத்தான் 2இல் அடைப்புக்குறி இல்லாமல் எழுதிய அச்சிடும் கட்டளைக்குப் பைத்தான் 3இல் அடைப்புக்குறி வேண்டும். வரி மாறியது, பொருள் மாறவில்லை. இதற்கு நேர்மாறானது வகுத்தல். 7ஐ 2ஆல் வகு என்று எழுதினால் பழையது 3 என்றது, புதியது 3.5 என்கிறது. வரி அப்படியே இருக்கிறது, பொருள் மாறிவிட்டது. பிழைச் செய்திகூட வராது. பழைய நிரலைப் புதியதாக மாற்றித்தர 2டு3 என்ற கருவி இருந்தது. அச்சிடும் கட்டளைகளை அது தானே திருத்திவிடும். வகுத்தலில் அது கைவைக்கவில்லை. எழுதியவர் பின்னத்தை விட்டுவிட எண்ணி எழுதினாரா, எண்ணாமல் விட்டாரா என்பது வரியைப் பார்த்தால் தெரியாது. எனவே பொன் என்பது வரிக்குப் பின்னால் உள்ள வாக்கு: இந்த நிரலிடம் இதைக் கொடுத்தால் இந்தப் பொருள்பட இதைத் தரும் என்று பயன்படுத்துவோருக்கு அளித்த உறுதி. நிரலாளர்கள் எழுதும் சோதனைகள் அந்த வாக்கை வெளிப்படச் சொல்லும் ஆவணங்கள். அவை இல்லாத நிரலை மாற்றுகிறவர், எது பொன் என்று அறியாமலே உலையில் இடுகிறார்.

அதே ஜவ்வாது மலைத்தொடரில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றபோது, உலகின் வேறு சில இடங்களைப் போலவே காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அந்த ஒளி நோக்கப்பட்டது. கோளுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அந்த நிகழ்வில்தான். அந்த இரவு இனித் திரும்பாது. அதன் பதிவு மட்டுமே மிச்சம். திரும்பாத இரவுகளைக் கையாள்கிறவர்கள் என்பதாலோ என்னவோ, வானியலார் பொன் எது என்பதில் தெளிவாக இருந்தார்கள். 1981இல் வெளியிட்ட ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவத்துக்கு அவர்கள் விதித்துக்கொண்ட நெறி இது: வடிவம் எப்படி வளர்ந்தாலும், ஒருகாலத்தில் செல்லுபடியான கோப்பு என்றும் செல்லுபடியாக வேண்டும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதும் வழக்கம் 2000ஆம் ஆண்டை ஒட்டி இடையூறானபோது நான்கிலக்க முறையைக் கொண்டுவந்தார்கள். பழைய முறையில் எழுதியவை 1900களைச் சேர்ந்தவை என்று கொண்டு அவற்றையும் ஏற்றார்கள். கோப்பைப் படிக்கும் நிரலகங்கள் மாறின, கோப்பின் வாக்கு மாறவில்லை. வத்திக்கான் நூலகம் தன் பழஞ்சுவடிகளின் மின்படிகளைக் காக்க இந்த வடிவத்தையே தேர்ந்துகொண்டது.

நம் கோயில்களும் இந்தச் சிக்கலைச் சந்தித்துத் தீர்த்திருக்கின்றன. வேலூரை அடுத்துப் பொன்னையாற்றங்கரையில் உள்ள திருவல்லம் கோயிலில் பல்லவ மன்னன் நந்திவர்மனின் ஆட்சியாண்டு குறித்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோயிலை இடித்துத் திரும்ப எடுப்பதற்கு முன் இருந்த கல்வெட்டின் படி இது என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது. சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக்கியபோதும், பழைய கற்களில் இருந்த சாசனங்கள் புதிய சுவரில் திரும்ப வெட்டப்பட்டன. கல் போனது, கொடை போகவில்லை. படி என்று வெளிப்படையாகச் சொன்ன நேர்மைதான் புதிய கல்லுக்குப் பழைய கல்லின் உரிமையைத் தந்தது. திருப்பணிக் காலத்தில் பாலாலயம் அமைக்கும் ஆகம முறையும் இத்தகையது. மூலவரின் சாந்நித்தியத்தைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி, அங்கே அன்றாடப் பூசை நின்றுவிடாமல் நடத்தி, குடமுழுக்கில் திரும்ப எழுந்தருளச் செய்கிறார்கள். பைத்தான் 2, 3 ஆகிய இரண்டிலும் ஒரே நிரல் ஓடும்படி இடைக்காலத்துக்கென ஒரு சிறு நிரலகம் எழுதப்பட்டது. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு என்பதால் அதற்குச் சிக்ஸ் என்று பெயர். அதை நிரலுலகின் பாலாலயம் என்றே சொல்லலாம். திருப்பணி முடிந்தபின் அது தேவையில்லை. திருப்பணி நடக்கும்போது அது இல்லாவிட்டால் பூசை நின்றுவிடும்.

இதற்குப் பௌத்தர் ஒரு மறுப்புச் சொல்வார்: நிலைத்த பொன் என்று எதுவும் இல்லை, கணந்தோறும் தோன்றிக் கெடுகிற தொடர்ச்சியே உண்டு, விளக்கின் சுடரை ஒரே சுடர் என்பது பேச்சு வழக்குத்தான். வலுவான மறுப்பு இது. நிரலுக்குள் ஆன்மா போல மறைந்திருக்கும் பொருளைத் தேடினால் பௌத்தர் சொல்வதே சரியாக முடியும். ஆனால் சமணக் காப்பியமான நீலகேசி இந்தக் கணபங்க வாதத்தோடு மோதும் இடத்தில் அறத்தின் பக்கம் இருந்து ஒரு கேள்வி எழுகிறது: செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் வேறொருவன் என்றால் வினைக்கு யார் பொறுப்பு? பதிப்பு மாற்றத்தில் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நேற்றைய நிரல் கொடுத்த வாக்குக்கு இன்றைய நிரல் பொறுப்பில்லை என்றால், யாரும் எந்த நிரலையும் நம்பிச் சம்பளமோ மருந்தளவோ கணக்கிட முடியாது. எனவே நிலைபேறு தானாக அமைந்து கிடப்பதாக நான் சொல்லவில்லை. ஒருவர் பொறுப்பேற்று, பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து, காத்துத்தரும்போது அது உண்டாகிறது. பௌத்தரும் தொடர்ச்சியில் வினை கடந்து செல்வதை மறுப்பதில்லை. அந்தத் தொடர்ச்சியை இடையறாமல் கொண்டுசெல்லும் கடமையைத்தான் இங்கே வலியுறுத்துகிறேன்.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது: ஓடுகிற நிரலை ஏன் தொட வேண்டும், அப்படியே விட்டால் என்ன? விடலாம், அதன் அடித்தளமும் அசையாமல் இருக்குமானால். ஆதரவு நின்ற பதிப்பில் நாளை காணப்படும் பாதுகாப்புக் குறையைத் திருத்த ஆளிருக்காது. திருத்தப்படாத நிரல் மாறவில்லை என்பது கண்ணுக்குத் தெரிவது. அதைச் சூழ்ந்த உலகம் மாறியதால் அதன் வாக்கு பொய்த்துக்கொண்டிருப்பது தெரியாதது. மூன்றாம் மறுப்பு இதைவிடக் கூரியது: நிரலகத்தை ஆக்குகிறவர் தம் வசதிக்காக மாற்றுகிறார், சுமை கீழே இருப்பவர் தலையில் விழுகிறது, இதைத் திருப்பணியோடு ஒப்பிடுவது அநீதிக்குப் பூச்சூட்டுவதாகாதா? ஆகும், ஆக்குவோர் தம் கடனைச் செய்யாவிட்டால். முன்கூட்டி அறிவிப்பதும், பழையது போகப்போகிறது என்று அதை நீக்காமல் வைத்துக்கொண்டே எச்சரிப்பதும், காலம் கொடுப்பதும் அவர்கள் கடன். பைத்தான் 2இலேயே எதிர்காலம் என்று பெயரிட்ட ஒரு தொகுதியை அழைத்தால், புதிய வகுத்தல் முறையைப் பழைய வீட்டிலிருந்தே பழகிக்கொள்ளலாம். ஐந்தாண்டுக் கால நீட்டிப்பும் அத்தகையதே. இவ்வளவும் செய்யாமல் உடைப்பவர் வளர்ச்சியின் பெயரைச் சொல்லத் தகுதியற்றவர்.

கடைசியாக ஒன்று. பொன்னை வேண்டியவர் கலங்கக் கூடாது என்றால், பழைய பிழைகளையும் காப்பாற்ற வேண்டுமா? அமிர்தி என்ற பெயருக்கு 21 என்ற விடையும் ஒருகாலத்து வாக்குத்தானே? பைட்டின் அளவைக் கேட்டவருக்கு 21 சரியான விடை. அவருக்கு அதைப் பெறும் வழி பைத்தான் 3இலும் உண்டு. எழுத்தைக் கேட்டவருக்கோ அது என்றைக்கும் பிழை. பிழையை நீக்குவது வாக்கை மீறுவதாகாது. வாக்கை இன்னும் நன்றாகக் காப்பதாகும். பவணந்தி முனிவர் நன்னூலை முடிக்கும் சூத்திரத்தில், காலத்தால் பழையவை நீங்குவதும் புதியவை வருவதும் குற்றமில்லை என்கிறார். அவர் சமணர், தோற்றமும் கேடும் நிலைபேறும் அறிந்தவர். மொழியே மாறும் என்று ஒப்பிய அவர், மாறும் மொழிக்கு இலக்கணம் வகுக்காமல் விடவில்லை. நிரலை மாற்றுகிறவர்களிடம் கேட்பதும் இதுதான். மாற்றுங்கள், மாற்றுமுன் பொன் எது என்று எழுதிவையுங்கள். மாற்றியபின் உரைத்துப் பாருங்கள். படி எடுத்ததைப் படி என்று சொல்லுங்கள். தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே எண்ணித்தர ஓப்பன்-தமிழ் என்ற நிரலகத்தைத் தன்னார்வலர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனிடம் கேட்டால், அமிர்தி என்ற பெயரில் நான்கு எழுத்து என்று விடை வருகிறது.